அடிப்படை உரிமையும் நம் நாடாளுமன்றமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகள், வாரம் ஒரு மாலை, சிங்கப்பூரில் எம்.பி.க்கள் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொண்டூழியராக இருந்தேன். எந்தக் கட்சியின் மேசை என்று சொல்லப் போவதில்லை. எல்லா மேசைகளிலும் கேள்விகள் ஒன்றுதான். பிறகு நண்பர்கள் சிலருக்கு மசோதாக்கள் பற்றிக் கருத்து எழுத உதவத் தொடங்கியதும் அதே கேள்விகள் தேக்கா காப்பிக்கடையிலும் கோயில் அன்னதான வரிசையிலும் வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

அடிப்படை உரிமை என்பதெல்லாம் இந்தியா, அமெரிக்கா பேச்சு அல்லவா? நமக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதி, 9 முதல் 16 வரையிலான பிரிவுகள். உயிரும் உடல் சுதந்திரமும் (9), அடிமைத்தனத் தடை (10), பின்தேதியிட்டுக் குற்றமாக்காமை (11), சட்டத்தின் முன் சமத்துவம் (12), நாடுகடத்தத் தடையும் நடமாட்ட உரிமையும் (13), பேச்சு, கூட்டம், சங்கம் (14), சமயம் (15), கல்வி (16). நிதானமாகப் படித்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

ஆனால் 14ஆம் பிரிவைப் படிப்பவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். பேச்சுரிமை தருவது முதல் உட்பிரிவு. பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி போன்ற காரணங்களுக்காகத் தேவை அல்லது உகந்தது என்று நாடாளுமன்றம் கருதும் கட்டுப்பாடுகளை அது சட்டமாக்கலாம் என்பது இரண்டாம் உட்பிரிவு. 'நாடாளுமன்றம் கருதும்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அளவுகோலை நாடாளுமன்றத்தின் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். உரிமை எவ்வளவு தூரம் நீளும் என்ற வாதத்தை வேறெங்கும்விட அங்கேதான் அதிகம் நடத்த வேண்டியிருக்கிறது.

அங்கே ஆளும் கட்சிக்குத்தான் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கிறதே. பேசி என்ன ஆகப் போகிறது?

2025 மே தேர்தலில் 97 இடங்களில் மக்கள் செயல் கட்சிக்கு 87, பாட்டாளிக் கட்சிக்கு 10. வாக்கெடுப்பில் ஜெயிப்பதுதான் நோக்கம் என்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆனால் அமைச்சர் எழுந்து நின்று சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் நாடாளுமன்ற அறிக்கையில் அச்சாகிறது. அச்சான சொல்லை நாளைக்கு இல்லையென்று சொல்ல முடியாது.

இதற்கு நல்ல சான்று தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு. ஆண்கள் இருவருக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய சட்டம். 2007-இல் அதை நீக்கக் கோரிய முயற்சி தோற்றது. பிரிவு ஏட்டில் இருக்கும், முனைந்து அமல்படுத்த மாட்டோம் என்று அன்றைய பிரதமர் லீ சியன் லூங் அவையில் சொன்னார். கேட்டவர்கள் பலருக்கு அது ஏமாற்றம்தான். 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அவையில் சொன்ன அந்த ஏற்பாட்டையும் 2018-இல் தலைமைச் சட்ட அதிகாரி சொன்னதையும் சேர்த்து எடைபோட்டு, அந்தப் பிரிவை அப்போதைக்கு அமல்படுத்தவே முடியாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பர் 29-இல் நாடாளுமன்றம் பிரிவை நீக்கியது. பதினைந்து ஆண்டுகள் ஆயின. நீக்கம் சரியா தவறா என்பதில் நம் குடும்பங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் சொல்ல வருவது, தோற்றுப்போன ஒரு விவாதத்தில் கிடைத்த ஒரு வாசகம் பிறகு என்னவாயிற்று என்பதைத்தான்.

மசோதா செய்தியில் வந்த பிறகு கருத்துச் சொல்ல எவ்வளவு நாள் கிடைக்கும்?

பெரும்பாலும் சில வாரங்கள். முதல் வாசிப்பில் மசோதாவின் தலைப்பைப் படித்து அறிமுகம் செய்கிறார்கள், விவாதம் கிடையாது. இரண்டாம் வாசிப்பில்தான் பேச்சும் வாக்கும். பிறகு குழுநிலையில் பிரிவு பிரிவாகப் பார்த்து, பெரும்பாலும் அதே நாளில் மூன்றாம் வாசிப்பும் முடிந்துவிடும். பொஃப்மா என்று எல்லோரும் சொல்லும் பொய்ச்செய்திச் சட்டம் 2019 ஏப்ரல் 1-இல் அறிமுகமாகி மே 8-இல் நிறைவேறியது. 72 பேர் ஆதரவு, 9 பேர் எதிர்ப்பு, மூன்று நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை. வெளிநாட்டுத் தலையீட்டுக்கு எதிரான சட்டம் 2021 செப்டம்பர் 13-இல் வந்து அக்டோபர் 4-இல் முடிந்தது. மூன்று வாரம்! தமிழில் ஒரு கூட்டம் போட மண்டபம் பிடிப்பதற்கே அவ்வளவு நாள் ஆகும்.

ஆகவே மசோதா வெளியான அன்று விழித்துக்கொள்வது தாமதம். அமைச்சு பொதுக் கருத்துக் கேட்பு நடத்தும்போது, அரசு தன் கொள்கையை விளக்கும் வெள்ளை அறிக்கை வரும்போது, பிப்ரவரி மார்ச்சில் ஒவ்வோர் அமைச்சின் செலவையும் விவாதிக்கும்போது, சட்டம் களிமண்ணாக இருக்கிறது. மசோதாவாக வந்துவிட்டால் சூளையில் வைத்த பானைதான்.

எம்.பி.யை எங்கே பார்ப்பது? வீடு, சிபிஎஃப் (மத்திய சேமநிதி) தவிர வேறு எதையாவது காது கொடுத்துக் கேட்பாரா?

மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில். 1955-இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம். சில தொகுதிகளில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மடக்கு மேசை போட்டிருப்பார்கள். சிலவற்றில் பாலர் பள்ளி வகுப்பறை. ஐந்து வயதுக் குழந்தைக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் எழுபது வயது தாத்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், சுவரில் ஏ ஃபார் ஆப்பிள் படம் இருக்கும். எண் சீட்டு வாங்கிக் காத்திருந்தால் முதலில் என்னைப்போல ஒரு தொண்டூழியர் மடிக்கணினியோடு உங்கள் கதையைக் கேட்பார். பிறகுதான் உறுப்பினர்.

இங்கே நடக்கும் பிழை என்னவென்றால், எல்லாமே முறையீட்டுக் கடிதமாகிவிடுகிறது. 'இவருடைய விண்ணப்பத்தைப் பரிவுடன் பரிசீலிக்கவும்' என்று வாரியத்துக்கு ஒரு கடிதம் போகும், பதில் வரும், கோப்பு மூடப்படும். உங்கள் பிரச்சினை உங்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் ஒரு விதியிலேயே கோளாறு என்றால், மேசையில் உட்கார்ந்த உடனே அதைச் சொல்லிவிடுங்கள்: "எனக்குக் கடிதம் வேண்டாம், இதை அவையில் கேள்வியாகக் கேட்க வேண்டும்." ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம், அவற்றில் மூன்றுக்கு வாய்மொழிப் பதில் கேட்கலாம். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால் அடுத்த வாரக் கூட்டத்துக்கு இந்த வாரம் போய் நிற்காதீர்கள். கேள்வியை நீங்களே இரண்டு வரியில் எழுதிக்கொண்டு போனால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். என் அனுபவத்தில், தாளோடு வந்தவர்களின் கேள்விதான் அவைக்குப் போனது.

எனக்குத் தமிழில்தான் கோவையாகப் பேச வரும். தமிழில் சொன்னால் எடுபடுமா?

அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் அவையில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பும் உண்டு. உறுப்பினர் தமிழில் பேசும்போது மற்றவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொள்வதை ஒளிபரப்பில் பார்த்திருப்பீர்கள். சந்திப்பு நிகழ்ச்சியிலும் தமிழ் தெரிந்த தொண்டூழியரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று. 1950களில் கோ. சாரங்கபாணி, தாம் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு வழியாகத் தமிழர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளும்படி விடாமல் வற்புறுத்தினார். தமிழ் ஆட்சிமொழியாக வேண்டும் என்றும் போராடினார். வாக்கும் மொழியும் இரண்டும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சட்ட வாசகம் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும். மொழிபெயர்த்துச் சொல்லப் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள், அவர்களும் படித்த மாதிரி ஆகும்.

நியமன எம்.பி., தொகுதியில்லா எம்.பி. என்கிறார்களே, இவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லையே, எதற்காகப் போய்ப் பார்க்க வேண்டும்?

இரண்டும் வேறு வேறு. தொகுதியில்லா உறுப்பினர் தேர்தலில் நின்று தோற்று, அதிக வாக்கு பெற்ற எதிர்த்தரப்பினர் என்பதால் அவைக்கு வருபவர். 1984-இல் வந்த முறை. இப்போது பாட்டாளிக் கட்சியினர் இருவர் இருக்கிறார்கள், மற்ற உறுப்பினர்களைப்போலவே எல்லாவற்றுக்கும் வாக்களிக்கலாம். நியமன உறுப்பினர் 1990 முதல். ஒன்பது பேர் வரை, இரண்டரை ஆண்டுக் காலம், கட்சி கிடையாது. அரசமைப்புத் திருத்தம், நிதி மசோதா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

வாக்கு குறைவு என்றாலும் கட்சிக் கொறடா இல்லாத நாற்காலி அது. பெற்றோரைப் பராமரிக்கும் சட்டம் 1995-இல் நிறைவேறக் காரணம், வால்டர் வூன் என்ற நியமன உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா. நமக்கு நெருக்கமான சான்று விஸ்வா சதாசிவன். 2009 ஆகஸ்டில், தேசியப் பற்றுறுதியின் கொள்கைகளை அவை மறுபடி உறுதிசெய்ய வேண்டும் என்று அவர் தீர்மானம் கொண்டுவந்தார். இன, மொழி, சமய வேற்றுமையின்றி என்று பள்ளிப் பிள்ளைகள் தினம் சொல்லும் அதே வாசகம். அதற்குப் பதில் சொல்ல லீ குவான் இயூவே எழுந்தார். அது அடைய வேண்டிய இலக்கு, மலாய்க்காரர்களின் தனி நிலையை 152ஆம் பிரிவு சொல்லியிருக்கும்போது இன்றே எல்லாரையும் சமமாக நடத்திவிட முடியாது என்பது அவர் வாதம். தீர்மானம் திருத்தத்துடன் நிறைவேறியது. சமத்துவம் பற்றி நாட்டை நிறுவியவரின் நேரடிக் கருத்தை அவைக் குறிப்பில் ஏற்றியவர் எந்தத் தொகுதிக்கும் உறுப்பினராக இல்லாத ஓர் இந்தியர் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

சந்தேகப்படுபவர்களும் இருக்கிறார்கள். 2025 தேர்தலுக்குச் சற்று முன் ஒரு நியமன உறுப்பினர் பதவி விலகி ஆளும் கட்சி வேட்பாளராக நின்றபோது, இந்த நாற்காலியின் நடுநிலை என்னவாகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

இணையத்தில் பத்தாயிரம் கையெழுத்து சேர்த்துவிட்டோம். இனி நாடாளுமன்றம் விவாதித்துத்தானே ஆக வேண்டும்?

வேண்டியதில்லை. அப்படி ஓர் எண்ணிக்கை விதி இங்கே கிடையாது. நாடாளுமன்ற மனு என்பது தனி வகை: உறுப்பினர் ஒருவர் தாக்கல் செய்ய வேண்டும், அது பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். 2007-இல் 377ஏ மனுவைத் தாக்கல் செய்தவர் நியமன உறுப்பினர் சியூ கும் ஹோங். 2016-இல் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தை எதிர்த்த மனுவைத் தாக்கல் செய்தவர் நியமன உறுப்பினர் கோக் ஹெங் லியன். மசோதா அதே நாளில் நிறைவேறிவிட்டது. சூளையில் வைத்த பானை என்று மேலே சொன்னது இதைத்தான்.

2017-இல் உறுப்பினர் லூயிஸ் இங் தாக்கல் செய்த மனுவில் கையெழுத்திட்டவர்கள் ஏழே பேர், எல்லாரும் தனித்து வாழும் பெற்றோர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விதிகள் பற்றியது. ஏழு பேரும் தங்கள் வாழ்க்கையையே சான்றாக வைத்திருந்தார்கள், குழு அதைப் பரிசீலித்து அறிக்கை கொடுத்தது. பத்தாயிரம் கிளிக்குகளைவிட ஏழு பேருடைய கதை கனம்.

தெரிவுக்குழுவுக்கு எழுதினால் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்களாமே? பயமாக இருக்கிறது.

கூப்பிடலாம். தெரிவுக்குழு என்பது ஒரு மசோதாவையோ விவகாரத்தையோ ஆராய நாடாளுமன்றம் அமைக்கும் உறுப்பினர் குழு. இணையப் பொய்ச்செய்தி பற்றி 2018-இல் அமைந்த தெரிவுக்குழுவுக்கு 169 எழுத்துக் கருத்துகள் வந்தன. எட்டு நாள் பொது விசாரணையில் 65 தனிமனிதர்களும் அமைப்புகளும் நேரில் பேசினார்கள். பெரும்பாலோருக்கு அது மரியாதையான உரையாடல். வரலாற்றாய்வாளர் ஒருவரிடம் மட்டும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் கேள்வி கேட்டார்கள், அதைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பழையவர்கள் 1986-ஐச் சொல்வார்கள். வழக்கறிஞர் சங்கம் செய்தித்தாள் சட்டத் திருத்தத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லப்போய், அரசாங்கம் வழக்கறிஞர் தொழில் சட்டத்தையே திருத்த முனைந்தது. சங்கத் தலைவர்களைத் தெரிவுக்குழு விசாரித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அதற்குப் பிறகு, அரசாங்கம் கேட்டால்தான் சங்கம் சட்டங்கள் பற்றிக் கருத்துச் சொல்லலாம் என்று ஆயிற்று. எனவே உங்கள் பயம் ஆகாயத்திலிருந்து வந்ததில்லை.

என் ஆலோசனை: தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஆசிரியராக இருந்தால் வகுப்பறையில் கண்டதை, கோயில் தொண்டராக இருந்தால் கோயிலில் கண்டதை. நாட்டு வரலாறு முழுவதையும் ஒரே கடிதத்தில் திருத்த முயன்றால்தான் ஆறு மணி நேரம் ஆகும்.

தைப்பூசத்தில் உறுமி மேளம் கூடாது என்றது நம் சமய உரிமையைப் பறித்ததுதானே? ஏன் யாரும் நாடாளுமன்றத்தில் கேட்கவில்லை?

கேட்டார்கள். இந்தக் கேள்வி ஒவ்வொரு தை மாதமும் எனக்கு வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1964 கலவரங்களுக்குப் பிறகு சமய நடை ஊர்வலங்களுக்குத் தடை வந்தது. தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி மூன்றுக்கும் மட்டும் விலக்கு. 1973 முதல் ஊர்வலத்தில் இசைக்கருவிகள் கூடாது என்றார்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை, அலகு குத்தியவர் பக்கத்தில் நண்பர்கள் தொண்டை கட்டும் வரை வேல் வேல் என்று கத்திக்கொண்டு போவதன் காரணம் பக்தி மட்டும் இல்லை. மேளம் செய்ய வேண்டிய வேலையைத் தொண்டை செய்கிறது.

15ஆம் பிரிவு சமய உரிமையைத் தருகிறது. அதன் கடைசி உட்பிரிவு, பொது ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம் பற்றிய பொதுச் சட்டங்களுக்கு மாறாக நடக்க அது இடமளிக்காது என்கிறது. 2015 தைப்பூசத்தன்று கைகலப்பு நடந்து சிலர் கைதானதும் விஷயம் சூடுபிடித்தது. அதே ஆண்டு பக்தர்கள் மூவர் இசைத் தடையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள், மனு தள்ளுபடியானது. மற்ற சமயத்தாருக்கு நடை ஊர்வலமே இல்லாதபோது இந்துக்களுக்கு மூன்று இருக்கிறது என்பது அரசின் வாதம். அதைக் கேட்டு அமைதியானவர்கள் உண்டு, எரிச்சலானவர்களும் உண்டு. நான் இரண்டாம் வகை, ஆனாலும் அந்த வாதத்துக்குப் பதில் தயாரிக்காமல் பேசினால் முதல் நிமிடத்திலேயே தோற்றுவிடுவோம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு 2016-இல் ஊர்வலப் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நீதிமன்றத்தில் மூடிய கதவு, பக்தர்களும் இந்து அறக்கட்டளை வாரியமும் அமைச்சும் பேசியதில் கொஞ்சம் திறந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்; நடந்துகொண்டே உறுமி அடிப்பதும் ஓரிடத்தில் நின்று அடிப்பதும் ஒன்றா என்று காவடி எடுத்தவரைக் கேளுங்கள்.

சிறுபான்மையினர் உரிமைக்கென்றே ஒரு மன்றம் இருக்கிறதே, அங்கே முறையிடலாமா?

சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றம். 1970-இல் தொடங்கியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதா ஏதாவது ஓர் இனத்தையோ சமயத்தையோ பாகுபடுத்துகிறதா என்று 30 நாளுக்குள் பார்த்துச் சொல்வது அதன் வேலை. நிதி மசோதாவும், பாதுகாப்பு சார்ந்தது, அவசரமானது என்று பிரதமர் சான்றளித்தவையும் அங்கே போகாது. கூடிப் பேசுவது மூடிய அறையில். அதை நம்பி உங்கள் வாதத்தைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள்.

நாடாளுமன்றத்துக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றால்கூடத் தப்பா?

ஆம். 2009ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் 'கூட்டம்' என்பது ஒருவரையும் குறிக்கும். தமிழில் ஒருவரைக் கூட்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள், சட்டத்தில் சிரிப்புக்கு இடமில்லை. அரசு நீதிமன்றக் கட்டடத்தின் முன் 2018-இல் தனியாக ஒரு தாளைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்ட சமூக ஆர்வலருக்குப் பின்னர் அபராதம் விதித்தார்கள். நாடாளுமன்றச் சுற்றுவட்டாரத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

அனுமதிச் சீட்டு இல்லாமல் முடிவது ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கத்தில். 2000 செப்டம்பரில் பேச்சுக்காகத் திறந்தார்கள், 2008 முதல் ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். குடிமக்கள் முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும். சமயத்தைத் தொடக் கூடாது, இனப்பகை மூட்டக் கூடாது. மேலே சொன்ன தைப்பூச விவகாரத்தை அங்கே பேச முடியாது என்பது இதனால் உங்களுக்கே விளங்கும். அந்த வகைப் பேச்சுக்கு நாடாளுமன்றக் கேள்விதான் பாதுகாப்பான மேடை.

நான் நிரந்தரவாசி. என் தம்பி வொர்க் பெர்மிட்டில் இருக்கிறான். எங்களுக்கும் உரிமை உண்டா?

சில உண்டு, சில இல்லை. 9ஆம் பிரிவின் உயிர், உடல் சுதந்திரம் எல்லா மனிதருக்கும். 14ஆம் பிரிவின் பேச்சு, கூட்டம், சங்கம் குடிமக்களுக்கு மட்டும். ஹோங் லிம் பூங்காவில் நீங்கள் நிரந்தரவாசியாகக் கலந்துகொள்ளலாம், மேடையேறிப் பேசுவதற்கும் ஏற்பாடு செய்வதற்கும் குடிமகனாக இருக்க வேண்டும். தம்பி அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்ததை எல்லாரும் அறிவீர்கள். பஸ் மோதி ஓர் ஊழியர் இறந்தார், கலவரம் வெடித்தது. 2014 பிப்ரவரியில் லிட்டில் இந்தியாவுக்கென்றே ஓராண்டுத் தற்காலிகச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2015-இல் மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடு முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கத் தடை, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் இன்னும் இறுக்கம். இந்தச் சட்டங்களால் ஞாயிற்றுக்கிழமை மாறிப்போனது யாருக்கு? புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் ஊழியர்களுக்கு. அவர்களுக்கு வாக்கு இல்லை, தொகுதி எம்.பி. இல்லை. வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் வழியாகவும், அக்கறையுள்ள உறுப்பினர் வழியாகவும்தான் அவர்கள் குரல் அவைக்குப் போக முடியும். தம்பிக்கு நேர்ந்ததைக் குடியுரிமையுள்ள உறவினரோ நண்பரோ எடுத்துச் சொல்லத் தடை ஏதும் இல்லை.

வாடகை வீட்டு விளம்பரத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்கிறார்கள். 12ஆம் பிரிவை வைத்துக் கேட்க முடியாதா?

எனக்கும் நடந்திருக்கிறது. தொலைபேசியில் ஆங்கிலம் கேட்டுச் சிரித்துப் பேசிய முகவர், பெயரைச் சொன்னதும் "உரிமையாளர் சமையல் வாசனையைப் பற்றிக் கவலைப்படுகிறார்" என்றார். என் வீட்டில் அந்த வாரம் முழுக்க மெகி நூடுல்ஸ்தான்.

12ஆம் பிரிவு சட்டத்தையும் அரசு வேலையையும் அரசு நிர்வாகத்தையும் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக்காரரை அது தொடுவதில்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் இனம், சமயம், மொழி, வயது, பாலினம், உடற்குறை முதலியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க இயற்றப்பட்டது. ஆனால் அது வேலைக்கு மட்டும்; தொடக்கத்தில் 25 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விலக்கும் உண்டு. வாடகைக்கு அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்றால் அதுதான் உங்கள் நாடாளுமன்றக் கேள்வி. வேலையிடத்துக்கும் முன்பு வெறும் வழிகாட்டு நெறிகள்தான் இருந்தன. பல்லாண்டு கேட்டுக் கேட்டுச் சட்டமானது. விளம்பரங்களைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். பதிய வேண்டுமா?

சங்கங்கள் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சங்கமாக இயங்கினால் பதிய வேண்டும். அரட்டைக் குழு வேறு. பெயர், தலைவர், சந்தா என்று போனால் வழக்கறிஞரைக் கேளுங்கள். அரசியல் அமைப்பு என்று அறிவிக்கப்பட்டால் வெளிநாட்டு நன்கொடை வாங்க முடியாது. மனித உரிமை அமைப்பான மாருவா 2010-இல் அப்படி அறிவிக்கப்பட்டது.

எம்.பி. என் கதையை அவையில் சொன்னால் எனக்குச் சிக்கல் வருமா?

அவையில் பேசியதற்காக உறுப்பினர்மேல் வெளியே வழக்குத் தொடுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு அவருக்கு. அதே கதையை நீங்கள் முகநூலில் எழுதினால் உங்களுக்கு இல்லை.

அவருக்கும் எல்லையில்லாச் சுதந்திரம் என்று எண்ண வேண்டாம். 2021 ஆகஸ்டில் உறுப்பினர் ரயீசா கான், பாலியல் வன்முறைக்கு உள்ளான பெண் ஒருவரோடு காவல் நிலையம் போனதாக அவையில் சொன்னார். அது உண்மையில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். 35,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். ஆகவே உறுப்பினர் உங்களிடம் ஆவணம் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். தேதி, இடம், பதில் கடித நகல், பெயரைச் சொல்லலாமா கூடாதா என்பது பற்றி ஒரு வரி. இவை உறையில் இருக்கட்டும்.

அமைச்சர் 'தொடர்ந்து கவனித்து வருகிறோம்' என்று பதில் சொல்லிவிட்டார். அவ்வளவுதானா?

அப்படிப் பதில் வந்த அன்று மாலை முகம் தொங்கிப்போய் வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலை நாடாளுமன்ற இணையத்தளத்தில் தேடி, தேதியோடு நகலெடுத்து வையுங்கள். 377ஏ பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து, "அமைச்சர் இன்ன தேதியில் கவனித்து வருவதாகச் சொன்னார், கவனித்ததில் தெரிந்தது என்ன, எத்தனை புகார்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். எண்ணைக் கேட்கும் கேள்விக்கு எண்ணோடு பதில் வரும், இல்லாவிட்டால் எண் இல்லை என்பதாவது பதிவாகும்.

தானாகவே அவைக்குத் திரும்பிவரும் சட்டங்களும் இருக்கின்றன. விசாரணையின்றித் தடுத்துவைக்க இடம் தரும் குற்றவியல் சட்ட தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 1955-இல் வந்தது. எழுபது ஆண்டுகளாகியும் பெயரில் 'தற்காலிக' இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவை அதை நீட்டிக்க வேண்டும். 2018 விவாதத்தின்போது எந்தெந்தக் குற்றங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியல் சட்டத்தில் ஏறியது, அமைச்சரின் முடிவே இறுதி என்ற வாசகமும் கூடவே ஏறியது. 2024-இல் மறுபடி நீட்டித்தார்கள். அடுத்தது 2029. அதற்கான கேள்விகளை 2028 கடைசியிலேயே எழுதத் தொடங்கலாம் என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள், நான்காவது நாற்காலி காலியாக இருக்கிறது.